பாய்லர் மாற்ற மூன்று கொட்டேஷன், மூன்று விலை: எது நியாயம்?

மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஹீட்டிங் வேலைக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். எதில் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

வீடு பழசு. வெளிச்சுவர் முழுக்கக் கெட்டிச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. ஜன்னல்கள் பழைய இரட்டைக் கண்ணாடி. மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை, ஒன்பது ரேடியேட்டர். கேஸ் பாய்லருக்கு 20 வயதுக்கு மேல் ஆகிறது. வெந்நீருக்குத் தனியாக ஒரு சிலிண்டர் அலமாரிக்குள் இருக்கிறது, பக்கத்தில் சிவப்பாக ஒரு உருண்டை.

தொந்தரவு இரண்டு. வாராவாரம் பிரஷர் இறங்கி பாய்லர் நின்றுவிடுகிறது. தண்ணீர் ஏற்றினால் மறுபடி ஓடுகிறது. அடுத்தது, ஹாலிலும் வடக்குப் பக்க அறையிலும் ரேடியேட்டர் மேலே சுடுகிறது, அடியில் ஜில்லென்று இருக்கிறது. அந்த வடக்கு அறையில்தான் மாமியார் படுக்கிறார். எண்பதை நெருங்குகிற வயது. அவர் குளிரில் நடுங்குவதைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் இந்த அவசரம்.

ஊருக்கு ஊர் பணம் வேறு என்பதால், குறைந்த விலையை 100 என்று வைத்து மற்றதை எழுதுகிறேன்.

முதலாமவர் 100. வீட்டுக்கு வரவில்லை, பாய்லரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். பதில் ஒரே வரி: 30 கிலோவாட் காம்பி பாய்லர் (சிலிண்டர் இல்லாமல் வெந்நீரையும் தானே சுட வைக்கும் ரகம்), கூலி உட்பட.

இரண்டாவது ஒரு பெரிய கம்பெனி, 160. விற்பனை ஆள் வந்து டேப்லெட்டில் படம் காட்டினார். 35 கிலோவாட் காம்பி, பவர் ஃப்ளஷ் (இயந்திரம் வைத்துச் சுற்றைக் கழுவுவது), ஃபில்டர், ஸ்மார்ட் தெர்மோஸ்டாட், பத்து வருட வாரண்டி. இந்த வாரத்துக்குள் கையெழுத்திட்டால் தள்ளுபடியாம். அது போகத்தான் 160.

மூன்றாமவர் தனியாக வேலை செய்பவர், 135. அறை அறையாகப் போய் டேப் வைத்து அளந்தார். கேஸ் மீட்டரையும் அங்கிருந்து வரும் குழாயையும் பார்த்தார். இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்: 24 கிலோவாட் காம்பி, சிலிண்டரை எடுப்பது, சுற்றைக் கழுவுவது, ஃபில்டர், கேஸ் குழாயைப் பெரிதாக்குவது, கண்டென்சேட் குழாய், இரண்டு புது ரேடியேட்டர், எல்லாவற்றுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு.

ஒரே வீட்டுக்கு இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? 135 நியாயமான விலையா?


வடகாற்று:

காம்பி பாய்லர் எல்லாமே ஏறக்குறைய ஒரே சாமான்தான். கிலோவாட் போதுமானதாக இருக்கிறது, உரிமம் வைத்திருக்கிறார் என்றால் 100 சொன்னவரையே பிடித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் மாமியார் அறைக்கு நல்ல திரைச்சீலை போடலாம்.


ஸ்பானர்:

வடகாற்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான்.

மாடிவீடு, விலைக்கு முன்னால் ஒரு கேள்வி. பிரஷர் ஏன் இறங்குகிறது என்று இந்த மூவரில் யாராவது சொன்னார்களா? மூன்று கொட்டேஷனிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாய்லர் பழசு, அதனால் மாற்றிவிடலாம் என்று மூவருமே நேராக விற்பனைக்குப் போய்விட்டார்கள். இது நாடி பார்க்காமல் மருந்து எழுதுகிற மாதிரி.

ஹீட்டிங் தண்ணீர் மூடிய சுற்றில் ஓடுவது. அது எங்கேயும் போகக் கூடாது. வருடத்துக்கு ஓரிரு தடவை லேசாக ஏற்றுவது சகஜம், வாராவாரம் ஏற்றுவது சகஜமில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். எங்கேயாவது ஒரு இணைப்பில் கசிவு இருக்கலாம், இல்லையென்றால் எக்ஸ்பான்ஷன் வெசல் போயிருக்கலாம். நீங்கள் சொன்ன சிவப்பு உருண்டைதான் அந்த வெசல். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அளவு) காற்று. தண்ணீர் சூடானால் விரியும், விரிகிற அளவுக்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. வருடங்கள் போகப்போகக் காற்று இறங்கிவிடும், அல்லது சவ்வு கிழிந்துவிடும். அப்புறம் விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பிரஷர் 3 பாரை எட்டியதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். ஆறியதும் கேஜைப் பார்த்தால் பிரஷர் அடியில் கிடக்கும். நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள்.

அந்த ஏற்றுகிற தண்ணீர்தான் உங்கள் இரண்டாவது தொந்தரவுக்கும் மூலம் என்று நினைக்கிறேன். சுற்றில் பழைய தண்ணீரே ஓடிக்கொண்டிருந்தால் அதில் கரைந்த ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், இரும்பு அதற்கு மேல் அவ்வளவாகத் துருப்பிடிக்காது. புதுத் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் புது ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது. ரேடியேட்டரின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, மாக்னடைட் என்கிற கருப்புச் சேறாகி அடியில் படிகிறது. மேலே ஜில்லென்று இருந்தால் உள்ளே காற்று, அடியில் ஜில்லென்று இருந்தால் சேறு. உங்களுக்கு அடியில்.

இப்போது அந்த 100 கொட்டேஷனைப் பாருங்கள். கழுவுவது இல்லை, ஃபில்டர் இல்லை, கசிவைத் தேடுவதும் இல்லை. புது பாய்லரில் எரிகிற வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் தண்ணீர் ஓடும் வழி மிகக் குறுகலானது. பழைய சேற்றை அதற்குள் ஓட விட்டால் அடைத்துக்கொள்ளும். சுற்றைக் கழுவி, துருத்தடுப்பு மருந்து ஊற்றியதற்குச் சான்று இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆக அந்த 100 முழு வேலையின் விலை இல்லை. பாதியை எழுதாமல் விட்டதால் வந்த தொகை.

கண்டென்சேட் குழாயையும் கவனியுங்கள். உங்கள் பழைய பாய்லர் அநேகமாகப் புகையை வெப்பத்தோடு அப்படியே வெளியே விடுகிற ரகம். புது கண்டென்சிங் பாய்லர் அந்தப் புகையைக் குளிர வைத்து, நீராவியைத் தண்ணீராக்கி, அதிலிருந்தும் வெப்பத்தைப் பிடிக்கும். அந்தத் தண்ணீர் லேசான அமிலம், சாக்கடைக்குப் போக ஒரு குழாய் வேண்டும். அது மெல்லிய குழாயாக வீட்டுக்கு வெளியே நீளமாகப் போனால், உறைகிற இரவில் அடைத்துக்கொண்டு பாய்லர் நின்றுவிடும். அது நடப்பதும் மிகக் குளிரான இரவில்தான். முடிந்தவரை உள்ளேயே கொண்டுபோகிறாரா, வெளியே போகும் பகுதிக்குப் பெரிய குழாயும் உறையும் போடுகிறாரா என்று கேளுங்கள்.

அடுத்தது கிலோவாட். 24, 30, 35 என்று மூன்று எண்கள். இதில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விலையை எடைபோட முடியாது. ஒரு அறைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஒரு ஹால். இரண்டு சுவர் வெளிப்பக்கம். ஜன்னல் 3 சதுர மீட்டர் போக வெளிச்சுவர் 19.5 சதுர மீட்டர். உள்ளே 21 டிகிரி வேண்டும், கடும் குளிரில் வெளியே மைனஸ் 3 என்று வைப்போம். வித்தியாசம் 24. கெட்டிச் செங்கல் சுவருக்கு யூ மதிப்பு சுமார் 2, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 2 வாட் வெளியே போகிறது. 19.5 பெருக்கல் 2 பெருக்கல் 24, ஏறக்குறைய 936 வாட். பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 என்று எடுத்தால் ஜன்னல் வழியாக 200 வாட். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்று மாறுகிறது என்றால் அதில் 400 வாட். தரைக்குச் சுமார் 300. மொத்தம் 1.8 கிலோவாட்டுக்கு மேல் கொஞ்சம். அவ்வளவுதான், இத்தனை பெரிய அறைக்கு! இப்படி ஒவ்வொரு அறைக்கும் போட்டுக் கூட்டுவதற்குத்தான் மூன்றாமவர் டேப்போடு நடந்தார் என்று நம்புகிறேன். கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் டேப் வெறும் காட்சிக்கு என்று ஆகிவிடும்.

உங்களிடமிருந்து மூன்று விஷயம் தெரிய வேண்டும். பாய்லர் ஆறியிருக்கும்போது கேஜ் எவ்வளவு காட்டுகிறது, நன்றாகச் சுட்ட பிறகு எவ்வளவு? வெளிச்சுவரில் கீழ்நோக்கி வளைந்த ஒரு செம்புக் குழாய் இருக்கும், சூடாகும்போது அதில் சொட்டுகிறதா? நல்ல குளிர் நாள் ஒன்றில் காலை மீட்டரையும் மறுநாள் காலை மீட்டரையும் குறித்து, 24 மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் ஓடியது? அன்றைக்கு வெளியே சராசரியாக என்ன வெப்பநிலை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாய்லர் மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், அது உரிமம் உள்ளவர் கை வைக்க வேண்டிய இடம்.


பச்சைப்பட்டாணி:

ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் கருவி) பற்றி யாரும் பேசவில்லையே? கேஸ் பாய்லரே வேண்டாம் என்று யோசிக்கலாமே.


ஸ்பானர்:

யோசிக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் முதல் படி இதே வெப்ப இழப்புக் கணக்கு. ரேடியேட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் வாட், தண்ணீர் அறையைவிடச் சராசரியாக 50 டிகிரி சூடாக இருக்கும்போது கிடைப்பது. ஹீட் பம்ப் குறைந்த சூட்டில்தான் சிக்கனமாக ஓடும். அந்த 50 என்பது 30 ஆனால் அதே ரேடியேட்டர் பாதிதான் தரும். இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவரோடு போட்டால் ரேடியேட்டர்கள் பலவற்றை மாற்ற வேண்டிவரும். சுவருக்கு இன்சுலேஷன் போடும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். மேலே சொன்ன ஹாலில் சுவரின் யூ மதிப்பு 0.5 ஆனால் 936 வாட் 234 ஆகிவிடும். அறைக்கு மொத்தமே 1.1 கிலோவாட் போதும்.


மாடிவீடு:

ஸ்பானர் அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. எல்லாம் பார்த்துவிட்டேன்.

கேஜ்: ஆறியிருக்கும்போது 1.2. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 3ஐ ஒட்டி நிற்கிறது. நீங்கள் சொன்ன செம்புக் குழாய் பின்பக்கச் சுவரில் இருக்கிறது. அடியில் ஒரு டப்பா வைத்தேன், ராத்திரிக்குள் கால்வாசி நிறைந்துவிட்டது. இத்தனை நாளும் அது மழைநீர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மீட்டர்: ஒரு நாளில் 17 கன மீட்டர். அன்றைக்கு வெளியே சராசரி 1 டிகிரி, உள்ளே 20.

வெப்ப இழப்புக் கணக்கை மூவரிடமும் கேட்டேன். மூன்றாமவர் அன்று மாலையே தாளை அனுப்பினார். மொத்தம் 8.4 கிலோவாட் என்று போட்டிருக்கிறார். கம்பெனிக்காரர், மூன்று படுக்கையறை வீட்டுக்கு 35தான் போடுவோம் என்றார். முதலாமவரிடமிருந்து பதில் இல்லை.

8.4தான் வேண்டும் என்றால் அவரே ஏன் 24 போடுகிறார்? அது புரியவில்லை.


ஸ்பானர்:

வெசல்தான். சந்தேகமே வேண்டாம். 1.2லிருந்து 3க்குப் போவது விரிகிற தண்ணீருக்கு இடமே இல்லை என்பதற்கு அடையாளம். வெசல் நன்றாக இருந்தால் அரை பார் போல ஏறும், அதோடு நிற்கும். உங்களுடையது வெளியே தனியாக இருக்கிற உருண்டை, மாற்றுவது சின்ன வேலை. பாதுகாப்பு வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒருமுறை சேறு கலந்த தண்ணீரை விட்ட வால்வு பிறகு சரியாக மூடாது, புது வெசல் போட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, இந்தக் குளிருக்குள் பாய்லரை மாற்றியே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பழையது கேஸை அதிகம் குடிக்கும் என்பது உண்மை, மாற்றுவதும் நல்லதுதான். ஆனால் அவசரத்தில் மாற்றுவது வேறு, நிதானமாகப் பேசி மாற்றுவது வேறு. இந்த வாரத்துக்குள் கையெழுத்து என்று சொன்னவரிடம் நீங்கள் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

மீட்டரைக் கணக்குப் பார்ப்போம். இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. 17 கன மீட்டர் என்றால் 187. பழைய பாய்லர் அதில் 80 சதவீதத்தை வீட்டுக்குத் தருகிறது என்று வைத்தால் 150. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 6.2 கிலோவாட். அன்றைக்கு வித்தியாசம் 19 டிகிரி, கடும் குளிரில் 24 ஆகும். அந்த விகிதத்தில் ஏற்றினால் 7.9. இதில் குளிக்கிற தண்ணீரும் சமையலும்கூடச் சேர்ந்திருக்கிறது. மூன்றாமவரின் 8.4 இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவர் உண்மையாகவே கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி, இப்படி வேலை செய்பவர்கள் குறைவு.

இப்போது உங்கள் கேள்வி. காம்பியில் சிலிண்டர் கிடையாது, குழாயைத் திறந்த நிமிடமே தண்ணீரைச் சுட வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டரை 35 டிகிரி உயர்த்த 24.4 கிலோவாட் வேண்டும். ஒரு குளியலறைக்கு அது போதும். 24 என்பது குளியலுக்காக, வீட்டைச் சுட வைக்க இல்லை. 35 போட்டால் நிமிடத்துக்கு 14 லிட்டர் கிடைக்கும், ஆனால் தெருவிலிருந்து உங்களுக்கு அவ்வளவு தண்ணீர் வருகிறதா? ஒரு பக்கெட்டும் கடிகாரமும் வைத்துச் சமையலறைக் குழாயில் பாருங்கள். நிமிடத்துக்கு 11 லிட்டர்தான் வருகிறது என்றால் 35க்குக் கொடுக்கும் காசு வீண்.

இன்னொரு எண் அதைவிட முக்கியம், யாரும் கேட்பதில்லை: ஹீட்டிங்கில் பாய்லர் எவ்வளவு தூரம் தாழ்ந்து எரியும்? உங்களுக்குக் கடும் குளிரில் 8 என்றால், சாதாரணக் குளிரில் 3 அல்லது 4 போதும். குறைந்தபட்சம் 7க்குக் கீழே இறங்காத பாய்லர், எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டே இருக்கும். கேஸும் வீண், உதிரி பாகங்களும் சீக்கிரம் போகும். மாடல் பெயரைத் தேடினால் அந்த எண் கிடைக்கும். இரண்டு, மூன்று கிலோவாட் வரை இறங்குவது நல்லது.

தண்ணீரின் சூட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலிருக்கும் நீராவி தண்ணீராகும். 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போகிறவர் உங்களுக்குக் கண்டென்சிங் பாய்லர் விற்று, அதைப் பழைய பாய்லர் மாதிரியே ஓட்டிவிட்டுப் போகிறார்.

மூன்றாமவர் கொட்டேஷனையும் அப்படியே ஏற்க வேண்டாம். இரண்டு புது ரேடியேட்டர் எதற்கு? அந்த இரண்டிலும் சேறு. கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸ் வைத்துக் கழுவினால் போதுமே, துரு ஓட்டை போடாதவரை. அப்படியும் அறைக்குப் போதாதா என்று அவர் கணக்குத் தாளே சொல்லும். சிலிண்டரை எடுப்பது பற்றியும் கேளுங்கள். அது நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு 12 அல்லது 15 கிலோவாட் சாதாரண பாய்லர் போடலாம். அப்போது கேஸ் குழாயைப் பெரிதாக்கும் செலவே இல்லாமல் போகலாம். அந்தக் குழாயை மாற்றச் சொன்னதில் அவர் மேல் தப்பு இல்லை, காம்பி முழு வேகத்தில் எரியும்போது பழைய மெல்லிய குழாயில் கேஸ் அழுத்தம் விழும். மற்ற இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.

விலை நியாயமா என்று பார்க்க நான் சொல்லும் வழி இது. பாய்லர், புகைக்குழாய், ஃபில்டர், கட்டுப்பாட்டுக் கருவி இவற்றின் மாடல் பெயரைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். கடை விலையைத் தேடிக் கூட்டுங்கள். குழாய், வால்வு, மருந்து என்று சில்லறைச் சாமான்களுக்குக் கொஞ்சம் சேருங்கள். மொத்தத்தில் கழித்தால் மிச்சம் கூலி. எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை கூடுதலாகத் தெரியலாம். அதில் உங்கள் வீட்டை அளந்த நேரம், சாமான் வாங்கப் போன நேரம், கருவிகள், காப்பீடு, வண்டி, நாளைக்கு ஒரு சொட்டுச் சொட்டினால் இலவசமாக வந்து பார்க்கும் நேரம் எல்லாம் அடக்கம். மற்றவரின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் மடங்கு இருக்கலாம், பரவாயில்லை. இரண்டு மடங்கு இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.


கணக்குப்பிள்ளை:

வேலை நுணுக்கம் எனக்குத் தெரியாது. காகித விஷயத்தில் சில வார்த்தை சேர்க்கிறேன்.

எங்கள் வீட்டில் இதே மாதிரி வேலை நடந்தபோது தரைப் பலகையைப் பெயர்த்த பிறகு, அடியில் குழாய் வேறு மாதிரி போகிறது, இவ்வளவு கூடுதல் என்று நடுவில் சொன்னார்கள். ஹீட்டிங் இல்லாத வீட்டில், தரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது. அதிலிருந்து எதிர்பாராத வேலைக்கு என்ன கட்டணம் என்பதை முன்பே எழுதி வாங்குகிறோம். கேஸ் குழாய் மீட்டருக்கு இவ்வளவு, கூடுதல் நாளுக்கு இவ்வளவு என்று. என்னிடம் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும்.

சுவரில் போடும் ஓட்டையை அடைப்பது, பூசுவது, பழைய பாய்லரையும் சிலிண்டரையும் அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு? இது எழுதாமல் விட்டால் பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

வாரண்டியில் இரண்டு உண்டு. பாய்லருக்குத் தயாரிப்பாளர் தருவது ஒன்று, பொருத்திய வேலைக்கு ஆள் தருவது இன்னொன்று. அந்தக் கம்பெனியின் பத்து வருடம் இதில் எதற்கு என்று கேளுங்கள். வருடாந்திர சர்வீஸ் தவறினால் செல்லாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். அதே பாய்லருக்கு மற்றவர் மூலமும் அதே வாரண்டி கிடைக்கலாம்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சாமான் வாங்க ஒரு பங்கு நியாயம், மிச்சம் வேலை முடிந்து ஓட்டிக் காட்டிய பிறகு. கேஸ் உரிம எண்ணைப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அட்டையைக் காட்டினார் என்பது போதாது.


வடகாற்று:

100 பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கழுவாமல் புது பாய்லர் வைத்தால் வாரண்டி போகும் என்பது எனக்குப் புதுச் செய்தி. மாடிவீடு, முதலாமவரிடம் அதே பட்டியலைக் கொடுத்து மறுவிலை கேட்டுப் பாருங்களேன், அவருக்கும் ஒரு வாய்ப்பு.


மாடிவீடு:

கேட்டேன். ஸ்பானர் அண்ணா சொன்னதையும் கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதையும் ஒரே தாளில் எழுதி மூவருக்கும் அனுப்பினேன்: சிலிண்டரை வைத்துக்கொண்டு 15 கிலோவாட்டுக்குள் ஒரு பாய்லர், கழுவுதல், ஃபில்டர், துருத்தடுப்பு மருந்து, கண்டென்சேட் குழாய் எந்த வழியாக, சுவர் பூச்சு, அப்புறப்படுத்தல், கூடுதல் வேலைக்குக் கட்டணம்.

முதலாமவர் இப்போது 121 என்கிறார். வீட்டுக்கு வர மாட்டேன், வேலைக்கு வரும் அன்றே பார்க்கிறேன் என்கிறார். கம்பெனிக்காரர், எங்களிடம் காம்பி மட்டும்தான் என்று சொல்லி, தள்ளுபடியை அடுத்த மாதத்துக்கும் நீட்டித்திருக்கிறார். மூன்றாமவர் மறுபடி வந்து சிலிண்டரைப் பார்த்தார். அது நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம் என்றார். ரேடியேட்டரைக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பதையும் ஒத்துக்கொண்டார். புது விலை 112. வெசலைப் பற்றி ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன். பாய்லர் மாற்றும்போது அதையும் மாற்றுவதாகத்தான் இருந்தேன், எழுத விட்டுப்போனது என்றார். இப்போது எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெசலும் பாதுகாப்பு வால்வும் முதலில். அதைத் தனியாக, சின்னத் தொகைக்கு, வியாழக்கிழமை வந்து செய்கிறார். பாய்லரைக் குளிர்காலம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார், அப்போது அவருக்கும் வேலை நெருக்கடி இருக்காதாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமியார் அறை ரேடியேட்டருக்கு அதுவரை காத்திருக்க வேண்டுமா?


ஸ்பானர்:

காத்திருக்க வேண்டாம். வியாழக்கிழமை எப்படியும் சுற்றிலிருந்து தண்ணீரை இறக்குவார். அந்த நேரத்திலேயே வடக்கு அறை ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவித் தரச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலை. கழற்றும்போது அடியில் பழைய துணியும் தட்டும் வையுங்கள், அந்தக் கருப்புத் தண்ணீர் கார்ப்பெட்டில் பட்டால் போகாது. மறுபடி தண்ணீர் ஏற்றும்போது துருத்தடுப்பு மருந்து ஊற்றுகிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். எல்லாம் சூடான பிறகு மற்ற ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்ட் வால்வை (ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் அளவைக் கட்டுப்படுத்துவது) கொஞ்சம் கொஞ்சமாக மூடிச் சமன்படுத்தச் சொல்லுங்கள். கடைசியில் இருக்கும் அறைக்கு அப்போதுதான் பங்கு முழுசாகப் போகும்.

வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? பழைய பாய்லரோடு இன்னும் சில மாதம் ஓட்டப் போகிறீர்கள், இல்லையென்றால் வியாழனுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வந்தவர் புகையை அனலைசர் வைத்து ஒருமுறை அளந்துவிட்டுப் போகட்டும், அதற்குத் தனியாகக் கேட்டாலும் கொடுங்கள்.